ஐந்து மணிக்குக் கிளம்புகிறவர்

மணி ஐந்து அடித்தால் போதும், பிரிவில் வேலை பார்க்கும் அந்த அம்மாளுக்கு இருப்புக் கொள்ளாது. கணினியின் கறுப்புத் திரையில் ஒரே ஒரு கட்டளையைத் தட்டுவார், சர்வரிலிருந்து லாக் அவுட் செய்வார், கைப்பையைத் தூக்கிக்கொண்டு போயே போய்விடுவார்.

பிரிவுத் தலைவருக்குப் பற்றிக்கொண்டு வரும். அவரும் அதே சர்வரில்தான் கணக்கீடு ஓட்டுகிறார். எட்டு மணி நேர வேலை. ஏழு மணிவரை நாற்காலியை விட்டு அசையாமல், திரையில் ஓடும் வரிகளைப் பார்த்துக்கொண்டே இருப்பார். ஓட விட்டவன் காவல் இருக்க வேண்டாமா? பிறகு மடிக்கணினியை மூடிவிட்டு வீட்டுக்குப் போவார். காலையில் முடிவுகள் தயாராக இருக்கும். எல்லாம் தன் சிரத்தையின் பலன் என்று கேட்டவர்களிடமும் சொல்வார், கேட்காதவர்களிடமும் சொல்வார்.

முன்பு ஒருமுறை அந்த அம்மாள், கட்டளைக்கு முன்னால் ‘நோஹப்’ என்று சேர்த்தால் நாம் வெளியேறினாலும் வேலை நிற்காது என்று அவரிடம் சொல்ல வந்தார். “எனக்கே பாடமா?” என்று வாயை அடைத்து அனுப்பிவிட்டார்.

அன்றைக்குப் பொறுமை போயிற்று. மறுநாள் பத்து மணிக்கு இயக்குநர் முன்னால் முடிவுகளை வைக்க வேண்டும். அவருடைய பதவி உயர்வே அதில்தான் இருந்தது. அப்போதும் அந்த அம்மாள் ஐந்து மணிக்கு நடையைக் கட்டினார். தலைவர் சர்வரைப் பார்த்துக்கொள்பவரைக் கூப்பிட்டார்.

“ஆள் இல்லாம ஓடுற வேலை எல்லாத்தையும் நிறுத்துங்க.”

“எல்லாத்தையுமா சார்?”

“எல்லாத்தையும்தான். வீட்டுக்குப் போயிட்டு வேலை செஞ்ச பேரு வேற வாங்கணுமா?”

கையோடு உத்தரவும் எழுதிக் கொடுத்தார். வழக்கம்போல் ஏழு மணிவரை காவல் இருந்துவிட்டு, நிம்மதியாக வீடு போய்ச் சேர்ந்தார்.

காலையில் வந்து பார்த்தால் முடிவுகளைக் காணோம். சர்வர்காரர் மேல் எரிந்து விழுந்தார். அந்த அம்மாளின் வேலையை நிறுத்தச் சொன்னால் என் வேலையை ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்டார்.

“நீங்க ஓட்டினதை நான் தொடலை சார். நீங்க மூடிட்டுக் கிளம்பினதும் அது தினமும் தானா நின்னுடும்.”

“அப்போ ரெண்டு வருஷமா முடிவு எப்படி வந்துச்சு?”

“அவங்கதான் போறப்போ உங்க வேலையை நிக்காதபடி இன்னொரு தடவை ஓட விட்டுட்டுப் போவாங்க. தெரிஞ்சா நீங்க சங்கடப்படுவீங்கன்னு என்னையும் சொல்ல வேணாம்னாங்க.”

இயக்குநர் அறையிலிருந்து இரண்டாவது முறையாக அழைப்பு வந்தது.

“சரி, அவங்க வேலை என்னாச்சு?”

“அது தினமும் சாயங்காலம் நாலு மணிக்கே முடிஞ்சிடும் சார். நேத்து நான் நிறுத்தினது ஒண்ணே ஒண்ணுதான்.”