கொய்யாவுக்குள் ஒரு பேரம்

டீக்கடை பஜ்ஜி தின்று வயிறு கெட்டதிலிருந்து, அடுப்பேறாததை மட்டும்தான் தின்பேன் என்றிருந்தது அணில். ஒரு நாள் அது கொய்யாவைக் கடித்ததும் உள்ளேயிருந்து புழு தலையை நீட்டியது.

"யோவ், பல்லை எடுய்யா. நான் பழமில்லை."

"நீ என்ன, அடுப்புல வெந்தவனா?"

"இல்லை."

"அப்போ உன்னையும் தின்னலாம்."

"வேகாததுன்னா காய், கனிய்யா. உயிரைத் தின்னா அதுக்குப் பேரு வேற."

அணிலுக்குக் குழம்பிவிட்டது. "சரி, உன்னை விட்டுட்டுச் சுத்தி மட்டும் தின்னுக்கிறேன்."

"அது என் வீடுய்யா. உனக்குப் பாதி, எனக்குப் பாதி."

"எனக்கு முக்கால் குடு."

புழுவுக்குக் கோபம் தலைக்கேறியது. "நேத்து பக்கத்துப் பழத்தை முழுசா முழுங்கினியே, உள்ள இருந்த எங்கண்ணனுக்கு யாருய்யா பதில் சொல்றது?"

அணில் வெகுநேரம் யோசித்தது. "அதனாலதான் அது அவ்வளவு ருசியா இருந்துச்சா?"

தான் வாயை விட்டது புழுவுக்கு அப்போதுதான் உறைத்தது. "முழுப் பழமும் நீயே வச்சுக்க," என்று குரலைத் தணித்துச் சொல்லிவிட்டு, கிளையோடு விறுவிறுவென்று ஊர்ந்தது.

போகிற புழுவையே பார்த்தபடி அணில் பழத்தைக் கடித்தது. ஏனோ, நேற்று மாதிரி இனிக்கவில்லை.