முதல் ஸலாம்

“இன்னைக்கு நீங்கதான் முதல்ல ஸலாம் சொல்லணும். இனிமே வேற பேச்சுக்கே இடமில்லை” என்றாள் மனைவி ஓய்தின்.

துர்சுன் பேரீச்சம்பழங்களை எண்ணிக்கொண்டிருந்தார். பெருநாள் காலையில் ஒற்றைப்படையில்தான் சாப்பிடுவார். தண்ணீரை உட்கார்ந்து, மூன்று மடக்காகக் குடிப்பார். செருப்பில் வலது கால்தான் முதலில். நபிவழியில் எந்தச் சந்தேகம் என்றாலும் மர்கிலான் ஊரின் அந்தத் தெருவே அவரிடம்தான் வந்து நிற்கும்.

அந்த நபிவழியைத்தான் தம்பி ஃபைஸுல்லாவுக்கு எதிராகப் பதினோரு வருஷம் கேடயமாகப் பிடித்துக்கொண்டிருந்தார் மனுஷர்.

பாகம் பிரித்தபோது, அப்பா வைத்த அக்ரூட் மரத்தைச் சுவருக்கு இடைஞ்சல் என்று தம்பி வெட்டிவிட்டார். அண்ணனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்றோடு பேச்சு நின்றது. யார் முதலில் பேசுவது? துர்சுனுக்குச் சட்டம் கையிலேயே இருந்தது. நடப்பவன் உட்கார்ந்திருப்பவனுக்கு ஸலாம் சொல்ல வேண்டும், சிறியவன் பெரியவனுக்குச் சொல்ல வேண்டும். வாசலில் ஒரு மரக்கட்டிலைப் போட்டுத் தினமும் உட்கார்ந்துகொண்டார். தம்பி கடைக்குப் போனால் அந்த வழியாகத்தானே போயாக வேண்டும்?

தம்பி மட்டும் லேசுப்பட்டவரா? அதே ரத்தம். அவரும் தன் வாசலில் ஒரு கட்டிலைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். ஒரே தெருவில் இரண்டு கட்டில், இரண்டு கிழவர்கள், நடுவில் சிரிக்கிற ஊர். மூன்று நாளுக்கு மேல் சகோதரனோடு பேசாமல் இருக்கக் கூடாது, முதலில் ஸலாம் சொல்பவரே இருவரில் சிறந்தவர் என்று இமாம் ஒரு வெள்ளிக்கிழமை இருவரையும் பார்த்துக்கொண்டே சொன்னார். இருவரும் தலையாட்டினார்கள். மற்றவனுக்குத்தான் சொல்கிறார் என்று இருவருக்குமே நினைப்பு.

பெருநாள் வந்தால் இன்னும் கேலிக்கூத்து. தொழப் போக ஒரு பாதை, திரும்ப வேறு பாதை என்பது நபிவழி. ஊரில் இருப்பதோ இரண்டே பாதை, அதில் ஒன்று தம்பி வாசல் வழியாகப் போகும். அதனால் துர்சுன் விடிவதற்கு முன்பே, கட்டில் காலியாக இருக்கும் நேரம் பார்த்து அந்த வழியாகப் போய், வாய்க்கால் ஓரமாகத் திரும்பிவிடுவார். நபிவழியும் தப்பாது, வீம்பும் தப்பாது.

இந்த நோன்பு மாதம் முழுக்க அவர் உம்ரா புனிதப் பயணத்தில் இருந்தார். திரும்பி வந்தது நேற்று மாலைதான்.

“நீங்க போன மறுநாள் உங்க தம்பி வந்து உங்க கட்டில்ல உட்கார்ந்தார்” என்று ஓய்தின் மறுபடியும் ஆரம்பித்தாள். “‘அண்ணன் வரட்டும் அண்ணி, நானே நடந்து வந்து முதல்ல சொல்லிடறேன், இந்த எழவு வீம்பு போதும்’னார்.”

“இதை நேத்தே சொல்லிட்டே. போன்லயே எல்லாத்தையும் சொல்லியிருக்கலாமில்ல?”

“வணக்கத்துல இருக்கிற மனுஷனைக் கலைக்க வேண்டாம்னு இமாம் சொன்னார்.”

துர்சுன் மேலங்கியின் மேல் இடுப்புத் துணியை இறுக்கிக் கட்டினார். முடிச்சு இரண்டு தடவை அவிழ்ந்துவிட்டது.

“மதீனாவுலயே முடிவு பண்ணிட்டேன் ஓய்தின். வந்ததும் நானே சொல்லிடறதுன்னு. அவனுக்குன்னு ஒரு தொப்பிகூட வாங்கினேன்.”

“இங்கே இருக்கும்போதே பண்ணியிருக்கணும்” என்றாள் அவள். அவள் குரலில் இரக்கமே இல்லை. பதினோரு வருஷம் இருவருக்கும் நடுவில் கஞ்சிக் கிண்ணம் சுமந்தவள் அவள்தான்.

இந்தத் தடவை வாய்க்கால் வழியாகவே போனார். திரும்பும்போது தம்பி வாசலைத் தாண்டித்தான் வர வேண்டும், தப்பிக்க வழியே இருக்கக் கூடாது என்று அவரே வைத்துக்கொண்ட கட்டாயம். தொழுகை முடிந்ததும் ஆட்கள் ஒவ்வொருவராக வந்து கட்டித் தழுவினார்கள். வருஷா வருஷம் “என்ன துர்சுன் அகா, கட்டில் காலியான்னு பார்த்துட்டு வந்தீங்களா?” என்று சீண்டும் நாவிதர் கோஸிம் இன்றைக்குக் கையை மட்டும் அழுத்திவிட்டு நகர்ந்தார்.

தம்பி வாசலில் கட்டில் காலியாகக் கிடந்தது. தம்பி மனைவி ஹன்ஃபா வெளியே வந்தாள். துர்சுன் பேரீச்சம்பழப் பொட்டலத்தை நீட்டினார். உள்ளே அடுப்பில் பெரிய சட்டியில் சோறு வெந்துகொண்டிருந்தது.

“முதல்ல அவரைப் பார்த்துட்டு வாங்க. அப்புறம் சாப்பிடலாம்” என்றாள் அவள்.

தொப்பியைக் கையில் பிடித்தபடி துர்சுன் முசுக்கொட்டை மரங்களைத் தாண்டி மேட்டுப் பாதையில் ஏறினார். வழியெல்லாம் வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்துக்கொண்டார். பதினோரு வருஷமாகத் தொண்டையில் நின்ற ஒரே ஒரு ஸலாம்.

ஃபைஸுல்லா வலப்பக்கமாக ஒருக்களித்து, தொழும் திசையான கிப்லா பக்கம் முகம் வைத்துப் படுத்திருந்தார். அண்ணன் வந்து நின்றும் எழுந்திருக்கவில்லை. வீம்புக்காரன்.

“அஸ்ஸலாமு அலைக்கும், தம்பி” என்றார் துர்சுன்.

ஸலாம் சொல்வது நபிவழி, பதில் சொல்வது கடமை என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்த அந்த மனிதர், பன்னிரண்டு நாளாகியும் ஈரம் காயாத அந்த மண்மேட்டின் முன்னால் பதிலுக்காக நின்றுகொண்டே இருந்தார்.