நாள் தவறாமல் ஒரு புகார்

எங்கள் தெருமுனைத் தையல் அக்காவுக்கு நகராட்சி பெரிய அநியாயம் செய்துவிட்டது. அவள் கடைப்படிக்குக் கீழே சாக்கடை அடைத்துக்கொண்டு, கறுப்புத் தண்ணீர் வாசலில் குளமாக நின்றது. தைக்கக் கொடுக்க வந்தவர்கள் மூக்கைப் பிடித்தபடி அடுத்த தெருவுக்குப் போனார்கள். அவள் புகார் கொடுத்தும் அடைப்பெடுக்கும் வண்டி எட்டிப் பார்க்கவில்லை.

பல்கலைக்கழகத்துக்குத் தினமும் அந்த வழியாகத்தான் போவேன். காதில் ஹெட்போன், மனசில் சமூகநீதி. ஜீன்ஸுக்கு ஜிப் மாற்றப் போன அன்றுதான் குளம் கண்ணில் பட்டது.

"என்னக்கா இது? சும்மாவா விடறது?"

"வருவாங்கம்மா. வரிசையில இருக்குன்னாங்க."

"வரிசையா! பெரிய மனுஷங்க வீட்டு வாசல்னா வரிசை பார்ப்பாங்களா? நீங்க பேசாம இருங்க. நான் பார்த்துக்கறேன்."

அன்று மாலையே குடியிருப்போர் சங்கத்தைக் கூட்டினேன். அதுவரை அந்தச் சங்கம் பார்க்கிங் சண்டைக்கு மட்டும்தான் கூடும். பழைய நாற்காலி ஒன்றின் மேல் ஏறி நின்றேன்.

"ஒருத்தர் புகார் கொடுத்தா மதிக்க மாட்டாங்க. தினம் ஒரு வீடு கொடுக்கணும். ஒரு நாள் கூட விடக்கூடாது!"

கைதட்டல். ரிட்டயர்டு பேங்க் மேனேஜர் முதல் ஆளாகக் கையைத் தூக்கினார்.

"வக்கீலம்மா கிளம்பிட்டாங்க. நகராட்சி இனிமே ஊரை விட்டே ஓட வேண்டியதுதான்" என்றான் அண்ணன். நான் படிப்பது சட்டம் இல்லை, சமூகவியல். சண்டைக்கு அது போதும்.

மறுநாளிலிருந்து காலையில் காபி குடிக்கிறார்களோ இல்லையோ, ஒரு வீட்டிலிருந்து புகார் போனது. என் முறை வந்தபோது போனை எடுத்தவர் பெருமூச்சு விட்டார்.

"அந்தத் தெருவா? மேடம், தயவுசெஞ்சு இனிமே கூப்பிடாதீங்க."

"மிரட்டறீங்களா?"

"ஐயோ, இல்ல மேடம். புதுசா ஒரு புகார் பதிஞ்சா என்ன ஆகும்னா..."

"என்ன ஆகும்னு எனக்குப் பாடம் நடத்த வேணாம். பதியறீங்களா, மாட்டீங்களா?"

பதிந்துகொண்டார். 'அதிகாரத் திமிர்' என்று தலைப்புப் போட்டு வாட்ஸ்அப் குரூப்பில் எழுதினேன். தெருவே கொதித்தது. ஞாயிறு தவறாமல் கூட்டம் போட்டேன்.

வண்டி மட்டும் வரவில்லை.

அக்கா கடையை மூடிவிட்டு, தையல் மெஷினைப் பின்பக்கம் வீட்டு அடுப்படிக்குக் கொண்டுபோய்விட்டாள். ஒரு பக்கம் குழம்பு கொதிக்கும், மறுபக்கம் மெஷின் ஓடும். தெருக்காரர்கள் போகிற வருகிறபோதெல்லாம் அங்கே எட்டிப் பார்த்து, "வண்டி வந்துச்சா? உடம்பு கிடம்பு நல்லாருக்கா?" என்று விசாரித்தார்கள்.

எனக்கு ஜிப் மாற்றியதற்கு அக்கா காசு வாங்க மறுத்துவிட்டாள். அதை நான் மக்கள் ஆதரவு என்று எடுத்துக்கொண்டேன்.

கடைசியில் பொறுமை போய், தெருவைத் திரட்டிக்கொண்டு நகராட்சி அலுவலகத்துக்கே போனோம். அக்கா வரத் தயங்கினாள். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். பாதிக்கப்பட்டவர் முன்னால் நிற்க வேண்டும் இல்லையா?

சூப்பர்வைசர் அறையில் மூச்சு விடாமல் பேசினேன். அடித்தட்டு மக்கள், அலட்சியம், ஆதிக்க மனோபாவம், ஒன்றையும் விடவில்லை. அவர் கடைசிவரை கேட்டார்.

"முடிச்சிட்டியாம்மா? ஒரு இடத்துக்குப் புதுப் புகார் வந்தா, பழசு தானா மூடிக்கும். புதுசு வரிசையில கடைசிக்குப் போயிடும். எங்க கம்ப்யூட்டர்ல அப்படித்தான் வச்சிருக்காங்க. கிறுக்குத்தனம்தான், நானும் மேலிடத்துல கத்திப் பார்த்துட்டேன். இந்தம்மா கொடுத்த புகாருக்கு முறை வந்து, மறுநாள் வண்டி அனுப்பறதா இருந்தோம். அன்னிக்குக் காலையிலதான் நீங்க ஆரம்பிச்சீங்க."

"அப்படின்னா..."

"அப்பலேர்ந்து உங்க தெரு தினமும் கடைசிக்குப் போய்க்கிட்டே இருக்கு. கொஞ்ச நாள் எல்லாரும் சும்மா இருங்க, வண்டி தானா வரும்."

பேங்க் மேனேஜர் ஃபேனை அண்ணாந்து பார்த்தார். சும்மா இருப்பது ஒன்றுதான் எனக்கு வராத வேலை என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் விட்டுக்கொடுப்பேனா?

"இதை முதல்லயே யாராவது எங்ககிட்டச் சொல்லியிருக்கணும் இல்ல சார்?"

"சொன்னேனே! இந்தம்மா இங்க வந்து விசாரிச்சாங்க. தெருவுல சொல்லி நிறுத்தச் சொல்லுங்கன்னு அப்பவே சொல்லி அனுப்பினேன்."

எல்லோரும் அக்காவைத் திரும்பிப் பார்த்தோம். அவள் முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டாள்.

"அக்கா! தெரிஞ்சுமா அந்த நாத்தத்துல உக்காந்திருந்தீங்க? பொழப்பே போச்சே! ஏன்க்கா சொல்லல?"

"சொல்லத்தான் ஞாயித்துக்கிழமைக் கூட்டத்துக்கு வந்தேன். நீ நாற்காலி மேல நின்னு, எனக்காகத் தொண்டை கிழியக் கத்திக்கிட்டிருந்தே. கீழ எல்லாரும் என்னைப் பத்தியே பேசிக்கிட்டிருந்தாங்க. இத்தனை வருஷமா இந்தத் தெருவுல தைக்கறேன். நல்லாருக்கியான்னு என்னை ஒருத்தரும் கேட்டதில்லம்மா" என்றாள் அக்கா. "தண்ணி நிக்கிற வரைக்கும்தானே கேப்பீங்க?"