கண்ணில் மண்ணைத் தூவியவள்

“இன்னுமா தட்டுப்படல?” போர்க்கப்பலின் கேப்டன் மூன்றாவது தடவையாகக் கேட்டார்.

“இல்லை கேப்டன்,” என்றார், ஒலியனுப்பித் தண்ணீருக்கடியில் தேடும் சோனார் கருவியின் ஆபரேட்டர். “மேல தண்ணி வெயிலுக்குச் சூடாயிருக்கு. அடியில ஜில்லுனு இருக்கு. ரெண்டும் சேருற இடத்துல நம்ம ஒலி வளைஞ்சு போயிடுது. நீர்மூழ்கி அதுக்குக் கீழதான் பதுங்கியிருக்கு.”

“அப்போ இன்னொரு சோனாரைக் கீழ இறக்குங்க.”

இறக்கினார்கள். அங்கேயும் இல்லை. பயிற்சி நேரம் முடிந்ததும், கப்பலின் முதுகுக்குப் பின்னால் நிதானமாகத் தலை நீட்டியது நீர்மூழ்கி. சோனார் இறங்கும்போதே அது மேலேறி, கப்பலின் இன்ஜின் இரைச்சலுக்குள் ஒளிந்துகொண்டிருந்தது.

இத்தனை வருஷ சர்வீஸில் கேப்டனுக்கு இதுதான் முதல் தோல்வி. கரை சேர்ந்ததும், நீர்மூழ்கியை நடத்திய இளம்பெண் கப்பலேறி வந்து சல்யூட் அடித்தாள். ‘இன்னிக்கு இவளுக்கு நல்ல அர்ச்சனை இருக்கு’ என்று ஆபரேட்டர் ஒதுங்கி நின்றார்.

கேப்டனோ அவள் கன்னத்தைக் கிள்ளினார். “என் கண்ணுலயே மண்ணைத் தூவிட்டியேடி!”

“கோபமா அத்தை?”

ஆபரேட்டர் திருதிருவென்று விழித்தார்.

“என் மருமக,” என்றார் கேப்டன், தொப்பியைக் கழற்றி நரைத்த கொண்டையைச் சரிசெய்தபடி. “கடலுக்கடியில கிடக்குற பொண்ணு குடும்பத்துக்கு ஆகுமான்னு சொந்தபந்தமெல்லாம் இழுத்தாங்க. என் பையனே தயங்கினான். நான்தான் ஒத்தக்கால்ல நின்னு கட்டி வெச்சேன்!”