நூறு ரூபாய் பாக்கி

ஊரில் மகாலிங்கத்துக்குக் காளையப்பன் தரவேண்டியது இன்னும் பதினோராயிரத்து அறுநூறு ரூபாய்தான். ஜப்பானுக்கு விமானம் ஏற வாங்கிய நாலு லட்சத்தின் கடைசி மிச்சம். இந்த மாதச் சம்பளத்தோடு கடனைத் தலைமுழுகிவிடலாம் என்றிருந்தான்.

அன்றைக்கு ஒசாகாவில் அவனும் கூட வேலை செய்யும் எட்வினும் சுத்தம் செய்யப் போனது, ஒண்டியாய்க் கிடந்து செத்த ஒரு கிழவரின் அறை. பிணத்தை எடுத்துவிட்டார்கள், பாயில் ஆள் படுத்த கறை மட்டும் இருந்தது. பதினான்கு மாதம் யாரும் தேடவில்லை. வாடகை வங்கியிலிருந்து தானாகப் போய்க்கொண்டிருந்தது. கணக்கு வற்றி ஒரு மாதம் தவறிய பிறகுதான் வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டினாராம்.

"செத்தும் கொடுத்தான் சீதக்காதிங்கிற மாதிரி, செத்தும் வாடகை கட்டியிருக்காருண்ணே. பாக்கி விழுந்ததாலதான் ஆளு வந்துச்சு" என்றான் எட்வின், கறையைச் சுரண்டிக்கொண்டே.

காளையப்பன் சிரிக்கவில்லை. பெண்டு பிள்ளை இல்லாத அவனை மாதாமாதம் ஐந்தாம் தேதி தவணைக்காகப் போனில் கூப்பிட்டு, "உசுரோட இருக்கியாப்பா?" என்று கேட்பது மகாலிங்கம் ஒருவர்தான். அன்று சாயங்காலம் பதினோராயிரத்து ஐந்நூறு மட்டும் அனுப்பினான்.

ஐந்தாம் தேதி போன் வந்தது.

"நூறு கொறையுதேப்பா?"

"அடுத்த மாசம் தர்றேண்ணே. நீங்க மறக்காமக் கூப்பிடுங்க."

"அட, நூறு ரூபாய்க்கு எதுக்கு வெளிநாட்டுக்குப் போன் போட்டுக்கிட்டு? தள்ளுபடி பண்ணிட்டேன், போ. பத்திரத்தையும் கிழிச்சாச்சு. இனிமே என்னால உனக்கு ஒரு தொந்தரவும் இல்ல" என்று பெரிய மனசோடு சொல்லி, போனை வைத்துவிட்டார்.