கூப்பிடு தூரம்

"திரும்பிப் பாக்காத. பாத்தா வெலய எறக்க மாட்டான்."

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. முப்பது வருடப் பழக்கம். எந்தக் கடைவாசலிலும் அவள் கணவர் விலை கேட்பார். அதில் பாதிக்குக் கேட்பார். பிறகு பையை உதறிக்கொண்டு நடப்பார். பத்தடி போவதற்குள் கடைக்காரர் கூப்பிடுவார் என்பது அவர் கணக்கு.

இங்கே யாரும் கூப்பிடவில்லை.

திருகோணமலைத் துறைமுக வாசலில் இது மூன்றாவது ஆட்டோ.

சுற்றுலாக் கப்பலில் வந்த மற்றவர்களெல்லாம் கப்பல்காரர்கள் ஏற்பாடு செய்த பேருந்தில் எப்போதோ போய்விட்டார்கள். பகல் கொள்ளை என்று சொல்லி, அவர் இவளை நடத்தியே வெளியே கூட்டி வந்தார். கப்பல் டிக்கெட் மருமகன் எடுத்துக் கொடுத்தது. அதனால் கடலில் அவருக்கு ஒரு குறையும் இல்லை. மூன்று வேளையும் மூக்குமுட்டச் சாப்பிட்டார். கரையில் இறங்கினால் சொந்தக் காசு. முகமே மாறிவிட்டது.

வெயில் மண்டையைப் பிளந்தது.

அவளுக்கு ஊர் சுற்றும் ஆசையெல்லாம் இல்லை. கோட்டை வேண்டாம். மான் வேண்டாம். வெந்நீர் ஊற்று வேண்டவே வேண்டாம். பாறை உச்சியில் கோணேசர் கோயில். அங்கே ஒரு மரம். அதில் ஒரு தொட்டிலைக் கட்ட வேண்டும்.

தொட்டில் கைப்பையில் இருந்தது. உள்ளங்கை அளவு, மரத்தில் செய்தது. மகளுக்குக் கல்யாணமாகி ஆறு வருடம் ஆகிறது. இதை மட்டும் அவள் தனியாகப் போய், பேரம் பேசாமல் வாங்கி வந்திருந்தாள்.

மதியம் கோயிலைப் பூட்டிவிடுவார்கள். மறுபடி திறப்பதற்குள் கப்பல் கிளம்பிவிடும். இது தெரிந்தும் மனிதர் ஆட்டோ ஆட்டோவாகப் பேரம் பேசிக் காலைப்பொழுதைத் தின்றுவிட்டார்.

அவளுக்கு எரிச்சலாக வந்தது. இன்றைக்கு வந்த எரிச்சல் மட்டுமில்லை.

கத்தரிக்காய்க்கும் துடைப்பத்துக்கும் இந்த வித்தை பலிக்கும். மாம்பழ நிறப் பட்டுப்புடவை ஒன்று இப்படித்தான் கையை விட்டுப் போயிற்று. தாம்பரத்து மனையும் இப்படித்தான். அவர் நடந்தார், மனைக்காரர் கூப்பிடவில்லை. இப்போது அங்கே நான்கு மாடி நிற்கிறது. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம், "கூப்பிடுவான்னு நெனச்சேன்" என்பார், தப்பெல்லாம் அந்த ஆளுடையது என்பது போல.

பெரிதாகப் பலித்தது ஒரே ஒரு முறைதான்.

அவளைப் பெண் பார்க்க வந்த அன்று. நகைப் பேச்சு இழுபறியானதும் மாப்பிள்ளை காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். குடும்பத்தோடு பேருந்து நிறுத்தம் வரை போய்விட்டார். திரும்பிப் பார்க்கவில்லை. அப்பா செருப்பை மாட்டியும் மாட்டாமலும் தெருவில் ஓடி, பெயர் சொல்லிக் கூப்பிட்டார். ஜன்னல் வழியே அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இன்றைக்கும் விசேஷ வீடுகளில் இதைச் சொல்லிச் சிரிக்கிறார்.

வேப்பமர நிழலில் நான்காவது ஆட்டோ நின்றது. மீசை நரைத்த ஓட்டுநர் எட்டிப் பார்த்தார்.

"கோயிலுக்கோ? பூட்டப் போறாங்கள் அம்மா. கெதியா ஏறுங்கோ."

விலையும் சொன்னார். நியாயமான விலைதான். அது அவளுக்கே தெரிந்தது.

அவள் கணவர் பாதிக்குக் கேட்டார்.

ஓட்டுநர் சிரித்துவிட்டு வேறு பக்கம் பார்த்தார்.

"நீ வா," என்று அவர் பையை உதறிக்கொண்டு நடந்தார்.

அவள் நின்றாள்.

அவர் போய்க்கொண்டே இருந்தார். அவள் பின்னால் வருகிறாளா என்று பார்க்கவில்லை. பார்த்தால் விலை இறங்காதே.

அவள் ஏறி உட்கார்ந்தாள். மகள் கைச்செலவுக்கு மாற்றிக் கொடுத்த இலங்கை நோட்டு தொட்டிலுக்கு அடியில் இருந்தது. தொட்டிலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"கோயிலுக்குப் போங்க."

எஞ்சின் சத்தம் கேட்டதும் தூரத்தில் அவர் நடை தளர்ந்தது. பிறகு நின்றேவிட்டார். அந்த முதுகு அவளுக்குத் தெரியும். இதோ கூப்பிடப் போகிறான் என்று காத்துக்கொண்டிருக்கும் முதுகு.

கோயில் எதிர்ப்பக்கம். ஓட்டுநர் வண்டியைத் திருப்பப் போனவர் தயங்கினார்.

"ஐயாவைக் கூப்பிடட்டோ அம்மா? கூப்பிடு தூரத்திலதானே நிக்கிறார்."

அவள் அந்த முதுகை இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"வேணாங்க. எங்கப்பா ஒரு தடவ கூப்பிட்டாரு. அதுவே போதும். நீங்க வண்டிய எடுங்க."