கடைசிப் பாட்டில் ஓர் அலறல்

"வாயை இன்னும் கொஞ்சம் பெரிசாத் திறங்க சார். நேத்து டிவியில அந்த விருது விழா பாத்தீங்களா?"

பல் டாக்டர் பதிலை எதிர்பார்த்துக் கேட்கவில்லை. நாற்காலியில் சாய்ந்து படுத்திருந்தவரின் வாயில் பஞ்சும் உறிஞ்சு குழாயும் இருந்தன. "ஆ" என்று மட்டும்தான் அவரால் சொல்ல முடிந்தது. அதையே அவள் சம்மதமாக எடுத்துக்கொண்டாள்.

பக்கத்தில் நின்ற நர்ஸ் கூரையைப் பார்த்தாள். காலையிலிருந்து வந்த ஒவ்வொரு வாய்க்கும் டாக்டரம்மா அந்த ஹெவி மெட்டல் இசை விருது விழாவைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறாள். யார் எப்படி வாசித்தார்கள், யார் சொதப்பினார்கள் என்பதெல்லாம் நர்ஸுக்கே மனப்பாடம் ஆகிவிட்டது.

படுத்திருந்தவர் அப்பாயிண்ட்மெண்ட் இல்லாமல், வீங்கிய கன்னத்தைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு வந்தவர். மொட்டைத் தலை, மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. பார்த்தால் கணக்கு வாத்தியார் மாதிரி இருந்தார். கடைவாய்ப் பல் வேர் வரைக்கும் சொத்தை. பிடுங்குவதைத் தவிர வேறு வழியில்லை. ஊசி போட்டாயிற்று. மரத்துப்போகும் வரை ஏதாவது பேசிக்கொண்டிருக்க வேண்டுமே.

முதலில் மேடையேறிய குழுவைப் பற்றி அவளுக்குப் பெரிய அபிப்பிராயம் இல்லை. மேடை முழுக்க நெருப்பைக் கொளுத்திப் போட்டார்களாம். பாட்டு மட்டும் ஆறிப்போய்க் கிடந்ததாம். அடுத்த குழுவின் டிரம்மர் இரண்டு காலாலும் வெளுத்து வாங்கியிருக்கிறான். ஆனால் ஒலியைக் கவனித்தவர் கிட்டாரைக் கூட்டி வைத்து அவன் உழைப்பை ஒன்றுமில்லாமல் ஆக்கிவிட்டார். வாழ்நாள் விருது வாங்கிய பழைய கிட்டார்காரர் உட்கார்ந்தபடியே வாசித்தார். நடுவில் ஓரிடத்தில் விரல் தப்பியது. அந்தத் தப்பின இடம்தான் தனக்கு ரொம்பப் பிடித்தது என்றாள்.

"அதுக்கப்புறம் ஒருத்தர் வந்து உறுமினார் பாருங்க. அந்த அளவுக்குச் சத்தம் வரணும்னா கீழ்த்தாடை இவ்வளவு இறங்கணும் சார். அவருக்குப் பாதிகூட இறங்கலை. எல்லாம் முன்னாடியே பதிவு பண்ணி வச்ச குரல். யாரை வேணா ஏமாத்தலாம், என்னை முடியுமா? நாள் முழுக்க நான் பாக்கிறதே தாடைதானே."

படுத்திருந்தவரின் தோள் லேசாகக் குலுங்கியது. வலியோடு வந்த மனிதரைச் சிரிக்க வைத்துவிட்டோம் என்று அவளுக்குக் குஷி பிறந்தது. கடைசிக் குழுவுக்கு வந்தாள்.

அது அவள் கல்லூரி நாளிலிருந்து உயிராய்க் கேட்டு வந்த குழு. ஐந்து பேரும் முகமூடி போட்டுக்கொண்டுதான் மேடைக்கு வருவார்கள். சில வருஷமாக அந்தப் பாடகரின் குரலில் உப்பும் இல்லை, உறைப்பும் இல்லை. ஆபீஸுக்குப் போய்க் கையெழுத்துப் போடுகிறவர் மாதிரி பாடிவிட்டுப் போய்க்கொண்டிருந்தார். பொறுக்க முடியாமல் போன வருஷம் இணையத்தில் அவர்களுடைய ரசிகர் பக்கத்தில் அவள் எழுதியே விட்டாள்: 'ஐயா, போதும். வீட்டுக்குப் போய்ப் பேரப்பிள்ளைகளைக் கொஞ்சுங்கள்.'

படுத்திருந்தவர் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தார்.

"வலிக்குதா சார்?"

இல்லை என்று தலையாட்டினார்.

"நேத்து அந்த மனுஷன் என் வாயை அடைச்சுட்டார் சார். கடைசிப் பாட்டு முடியற இடத்துல ஓர் அலறல். பாட்டுல அது கிடையவே கிடையாது. அடிவயித்துலேர்ந்து வந்துச்சு. கத்திட்டு அப்படியே மண்டி போட்டுட்டார். அரங்கமே எழுந்து நின்னுச்சு. நான் வீட்டுல சோபா மேல ஏறி நிக்கறேன். எங்க வீட்டுக்காரர் என்னமோ ஏதோன்னு ஓடி வந்து பாக்கிறார், நான் அழுதுட்டிருக்கேன்."

இத்தனை வருஷம் மனதுக்குள் பூட்டி வைத்திருந்ததை ஒரு மனிதன் அப்படிக் கொட்டித் தீர்க்க வேண்டுமென்றால் எவ்வளவு பட்டிருக்க வேண்டும் என்றாள். காலையில் எழுந்ததும் முதல் வேலையாக, போன வருஷம் எழுதியதை வாபஸ் வாங்கிவிட்டாளாம். இனி அவர் பாடும் ஒரு கச்சேரியையும் விடுவதில்லை என்று முடிவும் செய்துவிட்டாளாம்.

பேசிக்கொண்டே கன்னத்தைத் தட்டிப் பார்த்தாள். நன்றாக மரத்திருந்தது. இடுக்கியை எடுத்தாள். பல் முரண்டு பிடித்தது, அவளும் விடவில்லை. கடைசியில் இரண்டு வேரோடும் வந்து, தட்டில் 'டணார்' என்று விழுந்தது.

புதுப் பஞ்சை வைத்து அழுத்தி, கொஞ்ச நேரத்துக்குப் பேசக்கூடாது என்று எச்சரித்தாள். அவர் எழுந்து உட்கார்ந்தார். தட்டில் கிடந்த பல்லை, ஊரைக் காலி செய்துகொண்டு போகும் சிநேகிதனைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

பிறகு, சொன்ன பேச்சைக் கேட்காமல், பஞ்சைக் கடித்துக்கொண்டு கோணிய உதட்டோடு பேசினார். "போன வருஷம் நீங்க எழுதினதைப் படிச்சேன் டாக்டர். நியாயமாத்தான் இருந்துச்சு."

இடுக்கியைக் கழுவப் போனவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"நேத்து கடைசிப் பாட்டுல, திரும்பும்போது மைக் கன்னத்துல இடிச்சுட்டுது. சரியா இந்தப் பல்லு மேல. அவ்வளவுதான் நடந்துச்சு" என்றவர், தட்டை மெல்ல அவள் பக்கம் நகர்த்தினார். "அடுத்த மாசம் இன்னொரு கச்சேரி இருக்கு. இதைத் திரும்ப உள்ளே வைக்க முடியுமா?"